காய்ச்சல் என்று எழுதாதவள்

என் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கிறது. அதில் வீட்டுப் பத்திரம் இருப்பதாக என் கணவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். உண்மையில் இருப்பது ஒரு லீவு லெட்டர். கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த ஒற்றைத் தாள், நான்காக மடித்த மடிப்பில் இப்போது கிழியப் பார்க்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுதியது. அதன் அடியில், ‘இப்படிக்கு’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில், சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டு, “‘கீழ்ப்படிதலுள்ள’ விடுபட்டுள்ளது” என்று திருத்தியிருக்கிறேன். அந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் ஒரு தமிழாசிரியைக்குத் தோன்றியது அவ்வளவுதான். அந்தச் சிவப்பு மையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என் மேலேயே எரிச்சல் வரும்.

அப்போது நான் புதுவயலை ஒட்டிய ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு வகுப்பாசிரியை. காரைக்குடியிலிருந்து டவுன் பஸ்ஸில் போய் இறங்கினால் முதலில் நெல் அவிக்கிற வாசனைதான் வரவேற்கும். காற்று திரும்பினால் உமிச் சாம்பல் பறந்து வந்து மேசையில் படியும். வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் அப்பா அம்மா ஏதோ ஒரு ரைஸ் மில்லில் வேலை பார்த்தார்கள். எங்கள் வகுப்புத் தலைவியின் அப்பா மில்லில் மூட்டை இறக்குகிறவர், அம்மா களத்தில் நெல் காயப்போடுகிறவர். தலைவி ஒல்லியான பெண், ஆனால் குரல் மட்டும் மைக் வைத்த மாதிரி. நான் அகப்பாடல் நடத்தும்போது ‘தலைவி கூற்று’ என்று சொன்னால் போதும், வகுப்பே அவளைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கும். அவளும் எழுந்து நின்று, “நான் ஒண்ணும் சொல்லலியே டீச்சர்” என்பாள். சொல்ல வேண்டிய நேரம் வந்தபோது அவள்தான் சொன்னாள், நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

விடுப்பு விண்ணப்பம் எழுதுவது எப்படி என்று அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான். கரும்பலகையில் மாதிரி எழுதிப் போடுவேன். ‘எனக்குக் காய்ச்சல் காரணமாகப் பள்ளிக்கு வர இயலவில்லை’ என்பது அதில் மாறாத வரி. எனக்கும் என் ஆசிரியை அப்படித்தான் எழுதிப் போட்டார். ஆகவே எங்கள் பள்ளியில் பெண் பிள்ளைகளுக்கு மாதம் தவறாமல் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் காய்ச்சல், சிலருக்கு நான்கு நாள். அது என்ன காய்ச்சல் என்று எனக்குத் தெரியாதா? நானும் பெண்தானே. வீட்டுக்குத் தூரம் என்றோ, தலைக்கு ஊற்றிக்கொண்டேன் என்றோ, வெறுமனே ‘அது’ என்றோ அவர்கள் தங்களுக்குள் கிசுகிசுப்பது என் காதில் விழத்தான் செய்தது. தொல்காப்பியத்துக்கு உரை சொல்வேன், அந்த ஒரு சொல்லை வகுப்பில் சொல்ல என் நாக்கு எழாது. அவர்கள் காய்ச்சல் என்று எழுதினார்கள், நான் கையெழுத்துப் போட்டேன். எங்களுக்குள் காதும் காதும் வைத்த மாதிரி ஓர் ஏற்பாடு.

பெண் பிள்ளைகளின் கழிப்பறை மைதானத்தின் கோடியில் இருந்தது. கதவு உண்டு, தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். குழாய் உண்டு, தண்ணீர் வராது. மாற்றிய துணியையோ நாப்கினையோ போட ஒரு வாளிகூடக் கிடையாது. அரசாங்கம் இலவசமாகத் தரும் நாப்கின் பெட்டி பெட்டியாக வந்து தலைமையாசிரியர் அறை அலமாரியில் அடுக்கப்பட்டிருந்தது. சாவி அவர் சட்டைப் பையில். எந்தப் பெண் போய்க் கேட்பாள்? வீட்டிலிருந்து மடித்து வைத்துக்கொண்டு வந்த பழைய துணியோடு, காலை ஏழரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து மாலை ஐந்துக்குத் திரும்பும் வரை இருப்பார்கள், இல்லையென்றால் வரமாட்டார்கள். கழிப்பறைக்குப் போக வேண்டுமே என்று தண்ணீரே குடிக்காமல் இருப்பார்கள். எங்களுக்கு, ஆசிரியைகளுக்கு, தனியாக ஒன்று இருந்தது. தண்ணீர் வரும், பூட்டு உண்டு. சாவி ஆசிரியர் அறை ஆணியில் தொங்கும். அதை எடுக்கும்போது ஒரு நாளும் எனக்கு உறுத்தியதில்லை.

ஒருநாள் தலைவி காலை அகட்டி அகட்டி நடந்து வந்தாள். “என்ன நடை இது? ஒழுங்கா நட” என்று எல்லார் முன்னாலும் அதட்டினேன். அவள் போய் உட்கார்ந்தாள். ஈரத் துணி உரசித் தொடை புண்ணாகியிருந்தது என்பதை அவள் அம்மா பிறகுதான் சொன்னார். சே, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அந்த ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஊரெல்லாம் டெங்கு பயம். எங்கள் தலைமையாசிரியர் நல்ல மனிதர், காகிதத்துக்கு மட்டும் அப்படிப் பயப்படுவார். யாராவது கேட்டால் பதில் இருக்க வேண்டுமே என்று லீவு லெட்டர்களை எல்லாம் எடுத்துப் பார்த்தவர் ஆடிப்போய்விட்டார். பெண் பிள்ளைகளில் இத்தனை பேருக்குக் காய்ச்சலா? பையன்களுக்கு இல்லாமல் பெண்களுக்கு மட்டும் எப்படி வரும் என்று அவருக்குத் தோன்றவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தகவல் பறந்தது. மறுநாளே சுகாதார ஆய்வாளர் ஆட்களோடு வந்து இறங்கினார். புகை அடித்தார்கள். தண்ணீர்த் தொட்டிக்கு மருந்து போட்டார்கள். விரலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். பிறகு அண்டா நிறைய நிலவேம்புக் கஷாயம் வந்தது. காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்த பெண்கள் எல்லாம் காலைப் பிரார்த்தனை முடிந்ததும் வரிசையில் நின்று ஆளுக்கு ஒரு டம்ளர் குடிக்க வேண்டும், ஐந்து நாள். என் எதிரில் நின்று ஒவ்வொருத்தியும் மூக்கைப் பிடித்துக்கொண்டு அந்தக் கசப்பை விழுங்கினாள். ஒருத்தியாவது வாய் திறக்க வேண்டுமே, ஊஹூம். நானும் திறக்கவில்லை. தலைவி குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்துக் காட்டி என்னை ஒரு பார்வை பார்த்தாள். எனக்குச் சுருக்கென்றது.

அதற்கு இரண்டு வாரம் கழித்துத்தான் அது நடந்தது. பள்ளி விட்டு அவள் நடந்து போகும் வழியில் அப்பா வேலை செய்யும் மில் இருந்தது. வாசலில் லாரி நின்றது, மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. அவள் சீருடையின் பின்பக்கம் கறை. அவளுக்கே தெரியவில்லை. லாரி மேலிருந்த எவனோ பார்த்துவிட்டு ஏதோ சொல்ல, நாலு பேர் சிரித்துவிட்டார்கள். மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு நின்ற அவள் அப்பாவின் காதில் அது விழுந்தது.

நான்கு நாள் அவள் வரவில்லை. மூன்றாம் நாள் அவள் அம்மா பள்ளி கேட்டுக்கு வந்து என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். முந்தானையில் நெல் தூசி, காலில் செருப்பு இல்லை. களத்திலிருந்து அப்படியே ஓடி வந்திருக்கிறார்.

“டீச்சர், அவுக அப்பா ஒரே பிடியா நிக்கிறாக. இன்னும் ஒரு மாசம் பாப்பேன், இன்னொரு தடவ நாலு பேரு சிரிக்கிற மாதிரி ஆச்சு, படிச்சது போதும், களத்துக்கு வரட்டும்னுட்டாக. அவரைக் குத்தம் சொல்ல முடியல டீச்சர். ஆம்பளைக்கு முன்னால அந்த மாதிரிச் சிரிச்சா எப்பிடி இருக்கும்? ஆனா எம்மக படிக்கணும். நீங்கதான் ஏதாச்சும் செய்யணும்.”

“பாத்துக்கலாம்மா” என்றேன். என்ன பார்ப்பது, எப்படிப் பார்ப்பது என்று எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. பாத்துக்கலாம் என்பது நாங்கள் ஆசிரியர்கள் எதற்கும் சொல்கிற சொல்.

ஐந்தாம் நாள் தலைவி வந்தாள். நேரே என் மேசைக்கு வந்து மடித்த தாளை வைத்தாள். அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் நான் கற்றுக்கொடுத்த மாதிரியே, இம்மி பிசகவில்லை. உள்ளேதான் வேறு மாதிரி இருந்தது.

‘ஐயா, கடந்த நான்கு நாட்கள் நான் பள்ளிக்கு வரவில்லை. எனக்குக் காய்ச்சல் இல்லை. எனக்கு மாதவிடாய். நம் பள்ளியில் பெண்கள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை. தண்ணீர் இல்லை. மாற்றிய துணியைப் போட இடம் இல்லை. அதனால்தான் வரவில்லை. இனிமேல் எனக்கு விடுப்பு வேண்டாம். தாழ்ப்பாளும் தண்ணீரும் வாளியும் வேண்டும். இப்படிக்கு,’ அதற்குக் கீழே அவள் பெயர்.

‘தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி’ இல்லை. என் கை தானாகச் சிவப்புப் பேனாவை எடுத்தது. வட்டம் போட்டேன், எழுதினேன். பிறகுதான் என்ன படித்தோம் என்பதே எனக்கு உறைத்தது.

“ஏய், இதெல்லாம் எழுதலாமா? தலைமையாசிரியர் படிப்பாரே” என்று குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

அவள் தாழ்த்தவில்லை. “பின்ன என்னத்த எழுதுறது டீச்சர்? காய்ச்சல்னு எழுதினா கஷாயம்ல குடுக்குறாக.”

பெண்கள் பக்கம் ஒருத்தி களுக்கென்று சிரிக்க, மொத்தப் பேரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்தபோது கண் கலங்கியிருந்தது, அதை யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனாலும் பாருங்கள், அந்தக் கடிதத்தை நான் தலைமையாசிரியரிடம் கொடுக்கவில்லை. கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். இரண்டு நாள் அது காரைக்குடிக்கும் புதுவயலுக்கும் என்னோடு பஸ்ஸில் போய் வந்தது. கொடுத்தால் அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது, ஆண் ஆசிரியர்கள் என்ன பேசுவார்கள், இவள்தான் பிள்ளையைத் தூண்டிவிட்டாள் என்பார்களோ, இப்படி ஆயிரம் யோசனை. ஒரு பெண்ணின் படிப்பு ஒரு மாதக் கெடுவில் நிற்கிறது, எனக்கு என் மானம் பெரிதாக இருந்தது.

மூன்றாம் நாள் சுகாதார ஆய்வாளர் மறுபடி வந்தார். கஷாயம் கொடுத்தும் காய்ச்சல் குறையவில்லையே என்று அவருக்குக் கவலை. தலைமையாசிரியர் அறையில் உட்கார்ந்துகொண்டு, “ஒன்பதாம் வகுப்புல இந்த வாரம் யார் யாருக்குக் காய்ச்சல்? லிஸ்ட் குடுங்க டீச்சர்” என்றார். வருகைப் பதிவேட்டைத் திறந்தேன். பெயர்களைச் சொல்ல வாயெடுத்தேன். அந்தப் பெண்களை மறுபடி வரிசையில் நிற்க வைத்துக் கசப்பைக் குடிக்க வைக்கப் போகிறோம் என்ற நினைப்பு வந்ததும் எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை, முதலில் என் மேல்தான். கைப்பையைத் திறந்து கடிதத்தை எடுத்து மேசை மேல் வைத்தேன்.

“லிஸ்ட் இல்ல சார். இதுதான் இருக்கு. என் வகுப்புல ஒருத்திக்கும் காய்ச்சல் இல்ல.”

தலைமையாசிரியர் படித்தார். காது நுனி வரை சிவந்துவிட்டது. “டீச்சர், இதை ரெக்கார்டுல வைக்க முடியாதும்மா” என்றார். “பொய்யா எழுதினதையெல்லாம் வெச்சிருக்கோமே சார்” என்றேன். அப்படிப் பேசுகிறவள் இல்லை நான். சுகாதார ஆய்வாளர் கடிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்துவிட்டு, என்னிடமே திருப்பிக் கொடுத்து, “அந்தப் பாத்ரூமை நான் பாக்கலாமா சார்?” என்று மட்டும் கேட்டார்.

மூவரும் மைதானத்தைக் கடந்து போனோம். தலைமையாசிரியர் கதவைத் தொட்டார், அது தானாகத் திறந்துகொண்டது. குழாயைத் திருகினார், காற்றுதான் வந்தது. நான்கு வருஷமாக அந்தப் பள்ளியில் இருக்கிறார், பெண்கள் பக்கம் நாம் எப்படிப் போவது என்று ஒருநாளும் அங்கே வந்ததில்லை. “எனக்கும் ரெண்டு பொண்ணுங்க” என்றார். பிறகு வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு பின்பக்கம் போய்ப் பார்த்தார். அங்கே தூக்கியெறிந்த துணியும் நாப்கினும் சேற்றில் கிடந்தன. சுகாதார ஆய்வாளர் நோட்டை எடுத்தார். அவர் வந்த வேலை கொசு ஒழிப்பு. ஆகவே கொசு ஒழிப்பு என்ற தலைப்பின் கீழ்தான் அவரால் எழுத முடியும். தேங்கிய நீர் அகற்றப்பட வேண்டும் என்று எழுதிவிட்டு, அதற்கு அடுத்த வரியில் கழிப்பறைக்குத் தண்ணீர் இணைப்பு, உள்தாழ்ப்பாள், மூடியுள்ள வாளி உடனே தேவை என்று சேர்த்தார். தாழ்ப்பாளுக்கும் கொசுவுக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வீர்கள் என்றேன். “கேக்க மாட்டாங்க டீச்சர், யாரும் படிக்க மாட்டாங்க. ஆனா செஞ்சாகணும்” என்றார்.

அன்றைக்கே ஆசிரியைகள் கழிப்பறைச் சாவியை ஆணியிலிருந்து எடுத்து ஒன்பதாம் வகுப்புக் கதவோரம் மாட்டினேன். உடன் வேலை பார்த்த ஓர் ஆசிரியை, “நாம எங்க போறது?” என்று முணுமுணுத்தார். “வரிசையில நிப்போம், கஷாயத்துக்கு நிக்கலியா அதுக?” என்றேன். அவர் அப்புறம் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. போகட்டும்.

அந்த வாரக் கடைசியில் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். வழக்கமாக நாலு பேர் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். அன்றைக்கு வகுப்பு நிறைய அம்மாக்கள். தலைவிதான் வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருந்தாள். தலைமையாசிரியர் சுற்றி வளைத்து, சுகாதாரம், மகளிர் நலன் என்று பூசி மெழுகிப் பேசிக்கொண்டிருந்தார். தலைவியின் அம்மா எழுந்தார்.

“சார், நாங்க களத்துல விடிய ஏறுனா பொழுது சாய எறங்குறோம். அங்குட்டு மறைவுக்கு ஒரு செவரு கெடையாது. அந்த நாள்ல தண்ணி குடிக்காம, ஒரே துணியோட நின்னு நின்னு எனக்கு நீர்க்கடுப்பு வந்து ஆஸ்பத்திரியில கெடந்தேன். நான் பட்டது என்னோட போகட்டும். எம்மக பள்ளிக்கூடத்துலயும் களத்துல நிக்கிற மாதிரியே நிக்கணுமா?”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மில்லில் குழாய் வேலை பார்க்கும் ஒருவர் வந்து இணைப்பைச் சரிசெய்தார். தச்சர் தாழ்ப்பாள் வைத்தார். தலைமையாசிரியர் அலமாரியைத் திறந்து நாப்கின் பெட்டிகளைத் தானே தூக்கி வந்து எங்கள் வகுப்பில் வைத்தார்.

திங்கட்கிழமை காலையில் மணி அடிப்பதற்கு முன்பே ஓர் ஆள் பெண்கள் கழிப்பறைப் பக்கம் நிற்பதைப் பார்த்து நான் பதறிக்கொண்டு ஓடினேன். தலைவியின் அப்பா. தோளில் துண்டு, முதுகெல்லாம் தவிட்டுத் தூசி. “உள்ள ஆரும் இல்லல்ல டீச்சர்?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார். வெளியே வந்து மகளை உள்ளே போகச் சொன்னார். அவள் தாழ் போட்டதும், நூறு மூட்டை இறக்குகிற அந்தத் தோளால் கதவை முட்டித் தள்ளினார். கதவு அசையவில்லை. இன்னொரு தடவை தள்ளினார். “நல்லாத்தான் வெச்சிருக்காக” என்றார். என் முகத்தைப் பார்க்காமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மில்லுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த ஆண்டு முழுக்கப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே இடைவெளி விழவில்லை. பத்தாம் வகுப்பிலும் விழவில்லை.

எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிட்டது என்று நான் கதை விட மாட்டேன். வாளியை யார் காலி செய்வது என்று ஒரு மாதம் சண்டை. பையன்கள் இரண்டு பேர் கேலி செய்து தலைவியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். நானும் ஒருநாள் பெண்களை உட்கார வைத்து, குரல் நடுங்க நடுங்க, அந்தச் சொல்லைச் சொன்னேன். மாதவிடாய். ஐந்தாறு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், நாப்கினைத் தாளில் சுற்றி வாளியில் போட வேண்டும், துணியென்றால் சோப்புப் போட்டு அலசி நல்ல வெயிலில் காயப்போட வேண்டும். வெயிலில் என்றதும் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பாவாடைக்கு அடியில் ஒளித்து, இருட்டு மூலையில் காயப்போட்டே பழகியவர்கள். “எல்லாரும் பாப்பாகளே டீச்சர்?” என்றாள் ஒருத்தி. “களத்துல நெல்லு காயுது, அதை ஆராச்சும் ஒளிச்சா காயப்போடுறாக?” என்று தலைவி பின் பெஞ்சிலிருந்து பதில் சொன்னாள்.

இப்போது நான் திருப்பத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் இருக்கிறேன். விடுப்பு விண்ணப்பம் நடத்தும்போது காய்ச்சல் என்று எழுதிப் போடுவதில்லை, காரணத்துக்குக் கோடிட்ட இடம் விட்டு, உள்ளதை எழுது என்கிறேன். போன வாரம் சாப்பாட்டு இடைவேளையில் போனில் ஒரு படம் வந்தது. அனுப்பியவள் தலைவி. கல்லூரி முடித்துவிட்டு, அவள் அம்மா இன்னும் நெல் காயப்போடும் அதே மில்லில் ஆபீஸ் வேலை பார்க்கிறாள். படத்தில் ஒரு கடிதம். பெறுநர் மில் உரிமையாளர். பொருள், களத்தில் வேலை செய்யும் பெண்களுக்குக் கழிப்பறை வேண்டி. தாழ்ப்பாள், தண்ணீர், மூடியுள்ள வாளி என்று வரிசையாகக் கேட்டிருந்தாள். அடியில் களத்துப் பெண்களின் கையெழுத்தும் கைநாட்டும். முதல் கையெழுத்து, கோணல்மாணலாக, அவள் அம்மாவுடையது. கூடவே ஒரு செய்தி: “டீச்சர், நாளைக்குக் குடுக்கப் போறோம். பிழை இருந்தா சொல்லுங்க.”

வீட்டுக்கு வந்ததும் பீரோவைத் திறந்து பழைய தாளை எடுத்து, போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டையும் வரிவரியாகப் பார்த்தேன். அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் முறைப்படி. ‘இப்படிக்கு’ என்று போட்டு நேரே பெயர்கள். கீழ்ப்படிதலுள்ள என்ற சொல் இதிலும் இல்லை.

பிழை ஒன்றும் இல்லை, அப்படியே கொண்டுபோய்க் கொடு என்று பதில் அனுப்பினேன்.